சென்னைப் பெருநகர் திட்டத்துக்கு முன்னால் வளர்வது ஏன்? நகரமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகமாக நகரமயமாகும் ஒரு வளரும் நாட்டில் நகரமைப்பு எங்கெங்கே தடுமாறுகிறது என்பதைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட, ஒரு நகரை எடுத்துக்கொண்டு பார்ப்பதே பயன் தரும். இங்கே சென்னையும் அதன் புறநகரும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மனை வாங்க நினைப்பவர்கள், வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்கள், நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

நகரமயமாதல் உண்மையிலேயே அவ்வளவு வேகமாக நடக்கிறதா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் சுமார் 31 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். தமிழ்நாட்டில் அது 48.4 விழுக்காடு, பெரிய மாநிலங்களுள் இதுவே மிக அதிகம். ஆனால் வேகத்தைப் புரிந்துகொள்ள இந்த மொத்தக் கணக்கைவிட வேறொரு கணக்கு உதவும். ஓர் ஊரில் 5,000 பேருக்குக் குறையாமல் இருந்து, ஆண் உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசித்தால், அது ஊராட்சியாகவே நிர்வகிக்கப்பட்டாலும் கணக்கெடுப்புத் துறை அதை நகரமாகவே எண்ணுகிறது. இத்தகைய ஊர்கள் இந்தியாவில் 2001இல் 1,362, 2011இல் 3,894. நகரமாக வாழ்ந்துகொண்டு கிராமமாக ஆளப்படும் இந்த ஊர்களில்தான் வடிகால், கழிவுநீர், சாலை அகலம் என எதுவும் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் நழுவுகிறது.

சென்னையிலும் இதே கதைதான். பழைய மாநகராட்சி எல்லையான 174 சதுர கிலோமீட்டருக்குள் 2001இல் சுமார் 43 லட்சமாக இருந்த மக்கள்தொகை, பத்து ஆண்டுகளில் 46 லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அதே பத்தாண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 விழுக்காடும் திருவள்ளூர் மாவட்டம் சுமார் 35 விழுக்காடும் வளர்ந்தன. வளர்ச்சி நடப்பது நகரின் விளிம்பில். திட்டமிடும் ஆட்களும் அலுவலகங்களும் பணமும் குவிந்திருப்பது நகரின் நடுவில். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்றும் பத்தாண்டுகளுக்கு மேல் பழைய எண்களை வைத்துக்கொண்டே பள்ளிகளும் குழாய்களும் கணக்கிடப்படுகின்றன.

சென்னைக்கு மாஸ்டர் பிளான் இல்லையா?

உண்டு. 1920இலேயே மதராஸ் மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சிஎம்டிஏ என்று மக்கள் அழைக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1972இல் தொடங்கப்பட்டு 1974இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. முழுமைத் திட்டம் எனப்படும் மாஸ்டர் பிளான்களில் முதலாவது 1970களின் நடுவில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஐ இலக்காக வைத்து 2008 செப்டம்பரில் வந்தது. இரண்டுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல். பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்ததும், திருப்பெரும்புதூரில் கார் தொழிற்சாலைகள் வந்ததும், வேளச்சேரி நகரமாக மாறியதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கோயம்புத்தூரின் நிலையும் ஏறத்தாழ இதுவே: 1994ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழேயே அந்நகரம் கால் நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்தது.

திட்டம் இருந்தும் நகரம் அதன்படி அமையாதது ஏன்?

முழுமைத் திட்டம் பெரும்பாலும் நிலப் பயன்பாட்டு வரைபடமாகவே இருக்கிறது என்பதுதான் காரணம். ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, வணிகமா, தொழிலகமா, வேளாண்மையா என்று வகைப்படுத்தப்படுகிறது. ஆனால் குடியிருப்பு என்று வகைப்படுத்திய பகுதிக்குத் தண்ணீர்க் குழாய் எந்த ஆண்டில் போகும், கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும், பேருந்து திரும்புவதற்கான அகலத்தில் சாலை எங்கே வரும், அதற்கான நிலத்தை யார் எந்தப் பணத்தில் எடுப்பார் என்பவற்றைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அந்த வரைபடத்துக்கு இல்லை. அந்தப் பணிகள் வேறு துறைகளிடம், வேறு நிதியாண்டுகளில், வேறு முன்னுரிமைகளோடு கிடக்கின்றன.

நடப்பில் நகரம் உருவாகும் வரிசை இதற்கு நேர் தலைகீழானது. விவசாயம் கட்டுப்படியாகாத நிலையில் ஒருவர் தம் நிலத்தை விற்கிறார். வாங்கியவர் அதை மனைகளாகப் பிரித்து, செம்மண் சாலை போட்டு, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி விற்கிறார். பக்கத்து நிலத்தை வேறொருவர் பிரிக்கும்போது இரண்டு மனைப்பிரிவுகளின் சாலைகளும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஒவ்வொன்றும் அவரவர் எல்லையோடு முட்டி நிற்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் வீடுகள் எழுகின்றன. ஒவ்வொருவரும் முன்வீட்டைவிடத் தம் வீட்டுத் தரையை ஓர் அடி உயர்த்திக் கட்ட, பழைய வீடுகள் பள்ளமாகின்றன. ஆழ்துளைக் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரே அரை கிரவுண்டுக்குள் அருகருகே அமைகின்றன. குடியேறியவர்கள் சங்கம் அமைத்து மனு கொடுத்த பிறகுதான் தெருவிளக்கு வருகிறது. அதற்குப் பின் சாலை. அதன் பின், மிகவும் தாமதமாக, சாலையைத் தோண்டிக் குழாய். வீடு வந்த பிறகு அடிப்படை வசதியைப் புகுத்துவது எப்போதும் பல மடங்கு செலவு பிடிப்பது. ஓடை இருந்த இடத்தில் வீடு வந்துவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் முடியாதது. நகரமைப்பின் மற்றச் சிக்கல்கள் யாவும் இந்த ஒரு வரிசைப் பிழையின் கிளைகள் என்பதே என் கருத்து.

பஞ்சாயத்து அப்ரூவல் பெற்ற மனை என்றால் என்ன?

ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட மனைப்பிரிவு வரைபடத்தை வைத்து விற்கப்பட்ட மனைகளை மக்கள் இப்படி அழைத்தார்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏவும், மற்ற இடங்களில் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும்தான் தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டும். ஆயினும் பத்திரப்பதிவு தடையின்றி நடந்ததால், வாங்கியவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. அரசின் ஒரு துறை முத்திரைத் தீர்வை வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுத்ததை இன்னொரு துறை அங்கீகாரமற்றது என்றால், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கியவரைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன் பிறகு 2017இல் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் செலுத்தி அங்கீகாரம் பெற வழி செய்தது.

வரன்முறைப்படுத்துவது சரியா, தவறா?

மனை வாங்கி வீடு கட்டிவிட்ட குடும்பங்களுக்கு அது தேவை. குடிநீர் இணைப்பும் வங்கிக் கடனும் அதைச் சார்ந்திருக்கின்றன. ஆனால் அடுத்து வருகிறவர்களுக்கு அது தரும் செய்தி ஆபத்தானது. கட்டட விதிமீறல்களில் இது முன்பே நடந்தது. 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, விதி மீறிய கட்டடங்களை ஒரே ஒரு முறை மட்டும் கட்டணம் பெற்று ஏற்பதாகச் சொல்லப்பட்டது. பின்னர் அதன் கெடு தேதி மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2006இல் உயர் நீதிமன்றம் முதல் சலுகையை ஏற்று, அடுத்தடுத்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. 2012இல் 113சி என்ற புதிய பிரிவு வந்தது. விதியைப் பின்பற்றிப் பக்கவாட்டு இடைவெளி விட்டுக் கட்டியவர் இழந்தது அந்த இடத்தை. மீறியவர் செலுத்தியது ஒரு கட்டணம். இந்தக் கணக்கு மாறாதவரை எந்த முழுமைத் திட்டத்தையும் யாரும் பொருட்படுத்தப்போவதில்லை.

வரன்முறையில் நான் இன்னும் பெரிதாகக் கருதும் குறை வேறு. பொது இடங்கள் அதில் திரும்பி வருவதில்லை. முறையான மனைப்பிரிவு என்றால் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், சாலைகள் நீங்கலாக, பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வரன்முறைக் கட்டணம் அந்த இடத்துக்கு ஈடாகப் பணத்தைத் தரலாம். பிள்ளைகள் விளையாட இடத்தைத் தராது.

2015 வெள்ளம் அதிகமழையால் வந்ததா, திட்டமிடாததால் வந்ததா?

இரண்டாலும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்வளவு மழையை எந்த நகரமும் சேதமின்றித் தாங்காது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது பற்றிய விவாதம் நீண்ட நாள் நடந்தது. அது நடக்க வேண்டிய விவாதமே. ஆனால் அடையாற்றில் ஓடியது செம்பரம்பாக்கத்து நீர் மட்டும் அன்று. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, மிகைநீர் வெளியேறும் கலங்கலில் வழிந்த நீரும் அதில் சேர்ந்தது. அந்நீர் போகும் தாழ்வான பாதையில்தான் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் மனைப்பிரிவுகள் வளர்ந்திருந்தன.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரியின் கலங்கல் வழியும் நீர் கால்வாயாக ஓடிக் கீழ் ஏரிக்கு வரத்தாகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. இந்தத் தொடரில் ஏதேனும் ஒரு கால்வாய் அடைபட்டால் மேலே வெள்ளமும் கீழே வறட்சியும் ஒருசேர வரும். வருவாய்த் துறை ஆவணங்களில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று இவை ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு பதிவாகியுள்ளன. பாசனம் நின்றுபோன பிறகு அவற்றைத் தூர்வாரக் கேட்கும் ஆயக்கட்டு விவசாயிகள் இல்லாமற் போயினர். கேட்பாரற்ற இடம் சாலையாகவும் வீடாகவும் ஆனது.

இதில் தனியாரை மட்டும் சொல்வது முறையாகாது. 1920களில் மாம்பலம் பெரிய ஏரியின் படுகையில் தியாகராய நகரை உருவாக்கியது அரசு. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். நீர்நிலைகளைக் காக்கும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது. அதன்படி முதலில் அகற்றப்பட்டவை பெரும்பாலும் கரையோரக் குடிசைகளே.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து, பல ஏரிகளைக் கடந்து வரும் நீர் இந்தக் கழுவெளியில் பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் அது. அதன் மீது பெருங்குடி குப்பைக் கிடங்கு, வேளச்சேரிப் பறக்கும் ரயில் நிலையம், அலுவலக வளாகங்கள், சாலைகள் என வந்தன. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நல்ல செயல்தான். ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாட்கணக்கில் நீரில் நின்றன. 250 சதுர கிலோமீட்டரின் நீர் வெளியேறும் வழி இன்னும் அந்த ஒரு மடுவுதான்.

மழைநீர் வடிகால்கள் கட்டினால் போதாதா?

தெருவில் நிற்கும் நீரை அகற்ற அவை உதவும். 2015க்குப் பின் கட்டிய வடிகால்களால் நகரின் நடுப்பகுதியில் சில தெருக்கள் முன்பைவிட விரைவாக வடிகின்றன. ஆனால் வடிகால் சேரும் கால்வாயும், கால்வாய் சேரும் ஆறும், ஆற்றின் முகத்துவாரமும் அடைபட்டிருந்தால் வடிகாலில் நீர் எதிர்த்து ஏறும். கடலில் அலை ஏறும் நேரத்தில் கூவமும் அடையாறும் நீரை வெளியேற்றாது. ஆகவே நீரைத் தேக்கிவைக்கும் இடம் நகருக்குள் இருந்தாக வேண்டும்.

வெள்ளத்தில் மிதக்கும் நகரம் கோடையில் தாகத்தில் தவிப்பது எப்படி?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 2019 ஜூனில் இந்த நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் எடுத்து வந்த நீரில்தான் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்கள் அந்தக் கோடையைக் கடந்தன. நீர் எடுக்கப்பட்ட ஊர்களின் கிணறுகள் வற்றியதை யாரும் நகரமைப்புச் சிக்கலாகப் பார்க்கவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும், பின்னர் 2024இல் நெம்மேலியில் மற்றொன்றும் வந்தன. அவற்றை நான் குறை சொல்லவில்லை; மழை பொய்க்கும் ஆண்டில் அவையே காப்பு. ஆனால் மின்சாரத்தை ஏராளமாக உண்ணும் அந்நீரைத் தயாரித்துக்கொண்டே, இலவசமாக வரும் மழைநீர் தேங்கும் ஏரிகளை மனைகளாக்குவது சரியான பொருளாதாரம் ஆகாது. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு ஒரு நல்ல முன்மாதிரி. திருவான்மியூரிலிருந்து தெற்கே கடற்கரை மணற்பரப்பை நிலத்தடி நீர் ஊறும் பகுதியாக இரண்டாம் முழுமைத் திட்டம் தனியே அடையாளப்படுத்திக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தியதும் அப்படியே.

ஆற்றோரக் குடிசைகளை அகற்றிப் புறநகரில் வீடு கொடுப்பது நல்லதுதானே?

வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் கரையில் யாரும் வாழ வேண்டாம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எங்கே வீடு கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது அதன் நோக்கம், குடிசை இருந்த இடத்திலேயே அல்லது அருகிலேயே அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுப்பது. மந்தைவெளி, சேத்துப்பட்டு போன்ற நகரின் நடுப்பகுதிகளில் உழைக்கும் மக்கள் இன்றும் வாழ முடிவது அந்தக் கொள்கையால்தான். நகரில் நிலத்தின் விலை ஏற ஏற, வாரியம் தெற்கே சென்றது: 2000 வாக்கில் கண்ணகி நகர், ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, பிறகு 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெரும்பாக்கம். வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினால், அவர் விடியுமுன் பேருந்து ஏற வேண்டும். அல்லது அந்த வேலையை விட வேண்டும். படிப்பாண்டின் நடுவில் மாற்றப்பட்ட பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டு நின்றார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது இந்தக் குடும்பங்களுக்குப் பேருதவி என்றாலும், பயணத்தில் கரையும் நேரத்தை அது திருப்பித் தராது. இன்னும் வருத்தம் தருவது, ஆற்றுவெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிச் சதுப்புநில ஓரத்துக்கு மாற்றப்பட்ட மக்களின் வீடுகளை 2015இலும் 2023இலும் வெள்ளம் சூழ்ந்தது. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் நிற்கும் பெரிய கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நகரின் நடுவில் அரசுக்குச் சொந்தமாகக் கிடக்கும் நிலங்களில் ஒரு பங்கையாவது உழைக்கும் மக்களின் வீடுகளுக்கு ஒதுக்குவதே, நேர்மையான முழுமைத் திட்டம் முதலில் செய்ய வேண்டியது.

மெட்ரோ ரயில் வந்தும் நெரிசல் குறையாதது ஏன்?

2015 ஜூன் 29இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய முதலீட்டின் பயன், நிலையத்திலிருந்து வீடுவரை செல்லும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் தங்கியுள்ளது. அங்கே நடைபாதை இல்லை. இருந்தால் மின்மாற்றியும் இரு சக்கர வாகனமும் அதை அடைத்திருக்கும். நகரப் பேருந்துகள் மூவாயிரத்துச் சொச்சம். இந்த மக்கள்தொகைக்கு அது மிகக் குறைவு.

துறைகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே இயங்குவதே இங்கும் நோய். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் இணைப்பு 2008இல் தொடங்கி, நிலம் எடுப்பதில் சிக்கி, 2023 முடிந்தும் முடியாமல் நின்றது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டபோது, அதன் எதிரே வர வேண்டிய ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் ஆயத்தமாகவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து நள்ளிரவில் வந்திறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு நகருக்குள் போக வழி தேடினார்கள். எல்லாப் போக்குவரத்தையும் ஒரே குடையின் கீழ்த் திட்டமிடும் கும்டா என்ற குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? மேயரா?

மேயர் அல்லர். 1992இன் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குரியதாகப் பட்டியலிட்ட பதினெட்டுப் பணிகளில் முதலாவது நகரமைப்பு. ஆனால் சென்னையில் திட்டம் சிஎம்டிஏவிடம். அதன் தலைவர் மாநில அமைச்சர். ஏரி நீர்வளத் துறையிடம், பட்டா வருவாய்த் துறையிடம், பத்திரம் பதிவுத் துறையிடம், குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம், பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். தெருவில் நீர் நின்றால் மட்டும் மக்கள் தேடுவது வார்டு கவுன்சிலரை.

அந்தக் கவுன்சிலரும் நெடுங்காலம் இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த மாநகராட்சி மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2011இல் 42 உள்ளாட்சிகளை இணைத்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சியில், புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குக் கழிவுநீர்க் குழாயும் வடிகாலும் முடிவாக வேண்டிய முக்கியமான ஆண்டுகள் அவை.

பணம் இல்லாததுதான் காரணமா?

ஓரளவு. சென்னையில் சொத்துவரி 1998க்குப் பின் 2022இல்தான் பொதுவாகத் திருத்தப்பட்டது. மெட்ரோவோ வெளிவட்டச் சாலையோ வந்ததும் அருகிலுள்ள நிலத்தின் விலை பல மடங்காகிறது. அந்த உயர்வில் பொதுமக்களுக்கு உரிய பங்கு உள்ளாட்சியின் கைக்கு வருவதில்லை. அந்தப் பங்கைப் பெற்றால் குழாய்க்கும் சாலைக்கும் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

வீடுகளுக்கு முன்பே சாலையும் வடிகாலும் அமைத்த இடம் இந்தியாவில் உண்டா?

அகமதாபாத் உண்டு. குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்ற முறையில், ஒரு பகுதியின் நிலங்கள் முழுவதையும் தாளில் ஒன்றாகச் சேர்த்து, சாலை, பூங்கா, பள்ளி, ஏழைகளுக்கான வீடு ஆகியவற்றுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான வடிவில் அதே உரிமையாளர்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். நிலம் குறைகிறது; ஆனால் சாலை வருவதால் மதிப்பு கூடுகிறது. யாரும் முழுவதும் இழப்பதில்லை. யாரோ ஒருவரின் நிலத்தில் மட்டும் சாலை போவதுமில்லை. அந்நகரின் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச் சாலைக்கு நிலம் கிடைத்ததில் இம்முறைக்குப் பெரும் பங்கு உண்டு. நிலங்களை இப்படிச் சேர்த்துப் பிரிக்கும் நிலத் தொகுப்புக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இப்போது இடம் இருக்கிறது. பயன்பாடுதான் மிகக் குறைவு.

குறையும் சொல்ல வேண்டும். பட்டா உள்ளவருக்கே இதில் பங்கு. குத்தகைக்கு உழுதவரும், மேய்க்கால் புறம்போக்கில் ஆடு மாடு மேய்த்தவரும், தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா பெறாதவரும் கணக்கில் வரமாட்டார்கள். இங்கே இம்முறையைக் கொண்டுவரும்போது அவர்களுக்கான மனைகளை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது நல்லதா?

2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து இந்த அளவுக்கு விரிக்கப்பட்டு, அரக்கோணம் பகுதிவரை எல்லை சென்றது. மனைப்பிரிப்பு எல்லைக்கு வெளியே ஏற்கெனவே ஓடிவிட்டதால் விரிவு தவிர்க்க முடியாதது. ஆனால் முன்பிருந்த பரப்பையே காக்க முடியாத ஆள்பலத்தோடு ஐந்து மடங்கு பரப்பை ஏற்றால், விரிந்த எல்லை நிலவிலையை ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படும் அபாயம் உண்டு. இதைத் தவிர்க்க எளிய முதற்படி ஒன்று இருக்கிறது: புதிய பரப்பிலுள்ள ஒவ்வோர் ஏரி, கலங்கல், வரத்துக் கால்வாய், ஓடை, தாழ்நிலம் ஆகியவற்றை அளந்து, சர்வே எண்ணோடு வரைபடத்தில் குறித்து, அங்கே பதிவும் நிலப் பயன்பாட்டு மாற்றமும் நடவாதபடி முதலிலேயே பூட்டிவிடுவது. குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் வண்ணம் தீட்டுவதை அதன் பிறகு செய்யலாம்.

மனை வாங்கப்போகும் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒப்புதல் எண் சிஎம்டிஏ அல்லது டிடிசிபியுடையதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் போதும் என்று நின்றுவிடாமல், கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையையும் காட்டும் அ-பதிவேட்டையும் வாங்கி, உங்கள் சர்வே எண்ணைச் சுற்றி ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தை மாசியில் பார்த்தது போதாது. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு மழைக்குப் பின் போய்ப் பாருங்கள். அந்த ஊரில் முன்பு உழவு செய்தவர்களிடம் மழைநீர் எந்தப் பக்கமாக ஓடும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மூன்றாம் முழுமைத் திட்டத்தில் குடிமக்கள் கருத்துச் சொல்ல முடியுமா?

முடியும். 1971 சட்டப்படி வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபங்களுக்கும் கருத்துகளுக்கும் இரண்டு மாதத்துக்குக் குறையாத கால அவகாசம் தந்தாக வேண்டும். நகருக்குப் பூங்கா வேண்டும், நெரிசல் குறைய வேண்டும் என்று பொதுவாக எழுதும் கடிதங்கள் கோப்போடு முடிந்துவிடுகின்றன. உங்கள் கிராமத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை எடுத்து, குறிப்பிட்ட சர்வே எண்ணில் ஓடை இருக்கிறது, அது குடியிருப்பு என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது, 2015இலோ 2023இலோ அங்கே இத்தனை அடி நீர் நின்றது என்று புகைப்படத்தோடு எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் கடப்பது கடினம். குடியிருப்போர் சங்கங்களும் கிராம சபைகளும் வரைவு வெளியாகும்வரை காத்திராமல் இந்த விவரங்களை இப்போதே தொகுக்கத் தொடங்கலாம்; அ-பதிவேட்டின் நகலும் கிராம வரைபடமும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும்.